அரிப்பு நிற்காத நாய், பூனைகள்: சிகிச்சை, செலவு, இன்சூரன்ஸ் – வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எழுதுகிற நான் மருத்துவர் இல்லை. தோல் ஒவ்வாமை உள்ள நாய்களை வளர்ப்பவள். அக்கம்பக்கத்தாரோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவள். இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடமும் இன்சூரன்ஸ்காரர்களிடமும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள், அது போதும்.

"ஊசி போட்டா பத்து நாள் நல்லா இருக்கு. அப்புறம் மறுபடி சொறியுது. ஏன்?"

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அரிப்பை ஒன்றிரண்டு நாளில் அடக்கிவிடும். ஆனால் அரிப்பு எதனால் வந்ததோ அது அப்படியே இருக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் நாய் பழையபடி காலை நக்கத் தொடங்கும்.

ஒவ்வாமைக்குப் பொதுவாக மூன்று மூலங்கள். ஒன்று, தெள்ளுப்பூச்சிக் கடி. இரண்டு, சாப்பாடு. மூன்று, வீட்டிலும் காற்றிலும் இருக்கும் தூசிப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் போன்றவை. மூன்றாவதற்கு அடோபி என்று பெயர். நாய்க்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தலைகாட்டிவிடும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஷிட்சு, ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றில் அதிகம் பார்க்கலாம். நாட்டு நாய்க்கு வராது என்பதெல்லாம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரே நாய்க்கு இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து இருக்கலாம். சொறிந்து சொறிந்து தோல் கிழிந்த இடத்தில் பாக்டீரியாவும் ஈஸ்ட் பூஞ்சையும் வேறு குடியேறும். அப்போது வரும் அந்தப் புளித்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டுதான் வர வேண்டும். முதலில் பூச்சி, பிறகு தொற்று, பிறகு சாப்பாடு. எல்லாம் போயும் அரிப்பு மிச்சம் இருந்தால் அது அடோபி. அடோபி முழுசாகப் போகாது. நம் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மாதிரி, கட்டுக்குள் வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

"இது அலர்ஜியா, சொறியா? பார்த்தே சொல்ல முடியுமா?"

பார்த்துச் சந்தேகப்படலாம், முடிவு செய்யக் கூடாது. எங்கே சொறிகிறது என்று கவனியுங்கள். வாலடியும் முதுகின் பின்பாதியும் என்றால் தெள்ளு. பாதம், முகம், காது, அக்குள், வயிறு என்றால் அடோபி அல்லது சாப்பாடு. காது ஓரமும் முழங்கையும் தடித்து, ராத்திரியெல்லாம் தூங்காமல் சொறிந்து, கூடவே வீட்டுப் பிள்ளைகளுக்கும் கையில் வயிற்றில் அரிக்கிறது என்றால் அது ஒட்டுச்சொறி. மனிதருக்கும் தொற்றும், தாமதிக்காதீர்கள். குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் திட்டுத் திட்டாக முடி கொட்டி, அரிப்பு பெரிதாக இல்லை என்றால் டெமோடெக்ஸ் என்ற வேறு பூச்சியாக இருக்கலாம்.

வெள்ளை நிற பொமரேனியனோ ஸ்பிட்ஸோ வைத்திருப்பவர்கள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் இடுக்கு முடி துருப்பிடித்தது போல் செம்பழுப்பாக இருக்கிறதா? அது எச்சில் கறை. நீங்கள் வேலைக்குப் போன நேரமெல்லாம் அது காலை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

பூனை வேறு மாதிரி. நம் கண் முன்னால் சொறியவே சொறியாது. வயிற்று முடியை நக்கியே மொட்டையாக்கிவிடும். கழுத்தில், முதுகில் தடவினால் கடுகு கடுகாகப் பொருக்கு தட்டுப்படும்.

உறுதி செய்யத் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சோதனையும், டேப் ஒட்டி எடுக்கும் சோதனையும் உண்டு. பெரிய செலவில்லை. மூன்றாவது முறையும் எந்தச் சோதனையும் இல்லாமல் ஊசி மட்டும் போட்டால், "ஸ்கிராப்பிங் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

"எங்க நாய்க்கு ஒரு தெள்ளு கூட இல்லையே?"

இது மிகவும் ஏமாற்றுகிற இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடியே போதும். அரிப்பில் அது நக்கி நக்கித் தெள்ளை விழுங்கிவிடும், அதனால் உங்கள் கண்ணில் படாது.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியையோ டிஷ்யூ தாளையோ நனைத்து விரித்து, நாயை அதன் மேல் நிறுத்தி, வாலடியிலிருந்து முதுகு நெடுக ஈருளிச் சீப்பால் வாருங்கள். கருப்பாகத் தூள் விழும். ஈரத்தில் அது செம்பழுப்பாகக் கசிந்து பரவினால் தெள்ளின் எச்சம். நாயின் ரத்தத்தைக் குடித்துச் செரித்துப் போட்டது. கசியாமல் கருப்பாகவே கிடந்தால் வெறும் மண்.

தெள்ளுக் கூட்டத்தில் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்குதான் விலங்கின் மேல் இருக்கும். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் பாயிலும் சோஃபா அடியிலும் மாடிப்படி மூலையிலும் கிடக்கும். கூட்டுப்புழுவை எந்த மருந்தும் சுலபமாகத் தொடாது. ராயபுரம், கொருக்குப்பேட்டை மாதிரி ஒரே வாசலில் நாலைந்து குடித்தனம் இருக்கும் வீடுகளில், உங்கள் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் பூனை, படிக்கட்டில் படுக்கும் தெரு நாய் எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் மருந்து போட்டு, குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடர வேண்டும். பேசிப் பாருங்கள். செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் வாசல்கள் இங்கே நிறைய உண்டு.

மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் உண்ணி, தெள்ளு இரண்டையும் கொல்லும். வலிப்பு வரும் நாய் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நாய்க்கு முதுகில் ஊற்றும் மருந்தைப் பூனைக்கு ஊற்றவே கூடாது. பெர்மெத்ரின் சேர்ந்தது என்றால் பூனை நடுங்கி, வலிப்பு வந்து செத்துப்போகும். கடையில் "ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்று சொன்னாலும் லேபிளைப் படியுங்கள்.

"பீஃப் போடறதாலதான் சொறி வருதா? நிறுத்திட்டா சரியாயிடுமா?"

வரலாம், வராமலும் இருக்கலாம். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. பூனைகளுக்கு மாட்டிறைச்சி, மீன், கோழி. அதாவது புளியந்தோப்பில் வாங்கும் பீஃப் மட்டுமல்ல. நாம் ஆசையாகக் கொடுக்கும் பால் சாதம், பிஸ்கட், கோழிக்கால், காசிமேட்டு மீன் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. அடிக்கடி தின்கிற பொருளுக்குத்தான் ஒவ்வாமை வரும் என்பதால், "இத்தனை வருஷமா இதைத்தானே தின்னுது" என்பது சமாதானம் ஆகாது.

கண்டுபிடிக்க ஒரே வழி உணவுச் சோதனை. இதுவரை தின்றே இராத ஒரு இறைச்சியும் ஒரு மாவுப்பொருளும் மட்டும், எட்டு வாரம். முயலோ பன்றியோ வாத்தோ, கூடச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று டாக்டர் சொல்லலாம். இல்லையென்றால் இதற்கென்றே புரதத்தை உடைத்துத் தயாரித்த உணவு இருக்கிறது, விலை அதிகம். அந்த எட்டு வாரமும் தாத்தா கையால் ஒரு பிஸ்கட், கடைக்கார அண்ணன் போடும் எலும்பு, இறைச்சிச் சுவை சேர்த்த மாத்திரை எதுவும் கூடாது. ஒரு துண்டு போனாலும் கணக்கு கெட்டுவிடும். அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் சொறிய ஆரம்பித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

பூனை புது உணவைத் தொடாவிட்டால் பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ரத்தப் பரிசோதனையில் எதற்கு அலர்ஜி என்று தெரிந்துவிடாதா?

சாப்பாட்டுக்கு அந்தச் சோதனையை நம்ப முடியாது. முடியை அனுப்பிச் செய்யும் சோதனை அதைவிட வீண். அடோபி என்று மற்ற வழிகளில் முடிவான பிறகு, ஒவ்வாமை ஊசித் தொடருக்கு (ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்குவது) பொருட்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் ரத்தம் அல்லது தோல் சோதனை உதவும்.

மழைக்காலத்தில் ஏன் அதிகமாகிறது?

ஈரப்பதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரெல்லாம் பூத்துப்போகும் வீடுகளில் தூசிப்பூச்சி, பூஞ்சை, தெள்ளு மூன்றும் பெருகும். தேங்கிய தண்ணீரில் நடந்து வந்த பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். ஈரத்தோடு விட்டால் ஈஸ்ட் பிடிக்கும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காய வையுங்கள். உலர் தீவனத்தை மூட்டையாக வாங்கித் திறந்து போடாதீர்கள். அதிலும் பூச்சி வளரும்.

எண்ணூர், மணலி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது நினைவிருக்கும். அப்படி எண்ணெய் பட்ட தோலில் வருவது ஒவ்வாமை இல்லை, நேரடி எரிச்சல். நக்கவிடாமல் தடுத்து, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பால் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் போட்டுத் துடைக்கக் கூடாது.

"வேப்பெண்ணெய், மஞ்சள், வேஸ்ட் ஆயில்?"

மெக்கானிக் ஷெட்டிலிருந்து வாங்கி வந்து தடவும் வேஸ்ட் ஆயிலும் மண்ணெண்ணெயும் விஷம். தோலை வெந்துபோகச் செய்யும். நக்கினால் உள்ளேயும் போகும். தெரு நாய்களுக்கு நல்ல மனதோடுதான் இதைச் செய்கிறார்கள். அதே நாய்க்குச் சொறிக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டுச் சோற்றில் வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் முடி முளைத்துவிடும், செலவும் பெரிதில்லை.

மஞ்சள் பூசுவதால் கெடுதல் இல்லை, ஒவ்வாமைக்கு அது போதவும் போதாது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மூன்று மருந்து கலந்த கிரீம்களில் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும், வேண்டாம். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரை கூட உயிரை எடுக்கும்.

குளிப்பாட்டுவது எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தொற்று இருக்கும்போது டாக்டர் எழுதிய குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவால் வாரம் இரண்டு முறை வரை. அடங்கியதும் வாரம் ஒன்று. நுரையைப் பத்து நிமிடம் தோலில் ஊறவிட வேண்டும், இதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. நம் சோப்பு வேண்டாம். நாய்த் தோல் வேறு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி மெட்ரோ வாட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட நாள் மருந்துகளில் எது நல்லது?

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மலிவு, வேகம். குறுகிய காலத்துக்கு நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் போனால் தாகம், அடிக்கடி மூத்திரம், அகோரப் பசி, தோல் மெலிதல், தொற்று என்று வரிசையாக வரும். பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். ஆப்பக்வெல் என்ற பெயரில் வரும் ஒக்லாசிடினிப் அதே வேகத்தில் அரிப்பை நிறுத்தும். ஒரு வயது நிறையாத நாய்க்குக் கூடாது, மாதச் செலவும் கூடுதல். சைக்ளோஸ்போரின் வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். செட்ரிசின் சில நாய்களுக்குத்தான் கேட்கும். ஒவ்வாமை ஊசித் தொடர் பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்கு நன்றாக உதவுகிறது, ஆனால் ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும்.

எங்கே காட்டுவது?

வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்திலேயே இருப்பது பெரிய பாக்கியம். 1903-இல் தொடங்கிய கல்லூரி. தனியார் கிளினிக்கில் ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். தடுப்பூசி, சாதாரணச் சிகிச்சைக்குத் திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணிகள் மருத்துவமனை உண்டு.

எங்கே போனாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு கையில் இருக்கட்டும். தேதி, எங்கே சொறிந்தது, என்ன தின்றது, என்ன மருந்து, பத்துக்கு எத்தனை அரிப்பு. வேப்பேரியில் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்க்கலாம். அந்த நோட்டுதான் கதையைத் தொடர்ச்சியாகச் சொல்லும்.

"இன்சூரன்ஸ் எடுத்தா தோல் செலவு கிடைக்குமா?"

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், எடுக்காமலும் இருக்காதீர்கள். இந்தியாவில் பொதுத்துறை, தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில நாய்க்கும், ஒரு சில பூனைக்கும் பாலிசி தருகின்றன. அவற்றின் அடிப்படை பெரும்பாலும் விபத்து, அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, மரணம். ஒவ்வாமை என்பது வெளிநோயாளியாக வந்து போய், மாத்திரையும் ஷாம்பூவுமாக மாதாமாதம் சொட்டுச் சொட்டாகக் கரையும் செலவு. அதற்கு வெளிநோயாளி சிகிச்சை என்று தனிக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். அதிலும் வருடத்துக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு இருக்கும்.

ஏற்கெனவே சொறியும் நாய்க்கு எடுக்கலாமா?

பாலிசி கிடைக்கலாம், அந்தச் சொறிக்குப் பணம் கிடைக்காது. முன்பே இருந்த நோய் என்று விலக்கிவிடுவார்கள். பாலிசி தொடங்கி முதல் சில வாரங்களுக்குள் வந்த நோயும் காத்திருப்புக் காலம் என்று கழிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன்: கொளத்தூர்க் கடையிலிருந்தோ தெரிந்தவரிடமிருந்தோ லேப்ரடார், பக் குட்டி வாங்குபவர்கள், பாலிசி அனுமதிக்கும் வயது வந்தவுடன் எடுத்துவிடுங்கள். முதல் அரிப்பு டாக்டர் சீட்டில் ஏறுவதற்கு முன்னால் பாலிசி இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் மறைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். கிளெய்ம் வரும்போது பழைய சீட்டுகளைக் கேட்பார்கள். "இரண்டு வருஷமா இப்படி இருக்கு" என்று நீங்களே டாக்டரிடம் சொன்னது அதில் எழுதியிருக்கும். தோலுக்கு மறைத்ததால், நாளை கால் உடைந்தால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்.

பாலிசியில் எதைப் படிக்க வேண்டும்?

ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் தகவல் தாளையும் விலக்குகள் பகுதியையும் கேட்டு வாங்குங்கள். தோல், ஒவ்வாமை, ஒட்டுண்ணி, உணவு, ஷாம்பூ, பரிசோதனைக் கட்டணம் ஆகிய ஆறையும் தேடுங்கள். தெள்ளு, உண்ணியால் வந்தது என்றால் "தடுக்கக்கூடியது" என்று தள்ளுகிறார்களா? ஒவ்வொரு கிளெய்மிலும் உங்கள் பங்கு எவ்வளவு? புதுப்பிக்கும்போது, போன வருடம் பாலிசிக்குள் தொடங்கிய ஒவ்வாமை இந்த வருடமும் சேருமா, இல்லை பழைய நோயாகிவிடுமா? கடைசிக் கேள்விதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

என்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?

தடுப்பூசி அட்டை, தேதியுள்ள ஒவ்வொரு சீட்டு, மருந்துக்கடை ரசீது, சோதனை முடிவு, புண்ணின் படங்கள். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. அந்தச் சிப் எண்ணைப் பாலிசியிலும் ஏற்றிவிடுங்கள். "இது அதே நாய்தானா" என்ற கேள்வி எழாது.

வருமான வரியில் கழிக்கலாமா?

முடியாது. மருத்துவக் காப்பீட்டுக்கான வரிக் கழிவு மனிதர்களுக்கு மட்டும்.

கிளெய்மைத் தள்ளிவிட்டால்?

எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். "முன்பே இருந்த நோய்" என்றால், பாலிசி தொடங்குவதற்கு முன் எந்தத் தேதியிட்ட சீட்டில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். டாக்டரிடம், முதன்முதலில் எப்போது அறிகுறி தெரிந்தது என்று ஒரு கடிதம் வாங்குங்கள். இதையெல்லாம் வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், நிறுவனத்துக்கு வெளியே இருந்து இத்தகைய புகார்களைத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது; கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

"எங்க நாய்க்கு ஒன்பது வயசு, எந்த பாலிசியும் கிடைக்கல. என்ன செய்ய?"

அதன் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 500 ரூபாய் போட்டால் வருடத்தில் 6,000. தெருவில் பிடிக்கும் சீட்டிலோ தபால் நிலையத் தொடர் வைப்பிலோ போட வேண்டாம்; புண் வெடித்த ராத்திரிக்கு அதை எடுக்க முடியாது. பாலிசி உள்ளவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், ஷாம்பூவுக்கும் தெள்ளு மாத்திரைக்கும் எந்த நிறுவனமும் முழுசாகக் கொடுக்கப் போவதில்லை. அந்தப் பணத்தில் முதல் செலவு தெள்ளு மருந்தாக இருக்கட்டும், இரண்டாவது வேப்பேரியில் ஒரு ஸ்கிராப்பிங்.